அல்சூரின் அடியில் எவ்வளவு தண்ணீர்? 2033-க்கு முன் தேவை ஒரு வரைபடம்

புது தில்லி: காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 14.75 டிஎம்சி கர்நாடகத்தின் கணக்கில் சேர்ந்தது. பல ஆண்டுகள் அணை மட்டங்களையும் மழை அளவுகளையும் முன்வைத்து வாதாடப்பட்ட வழக்கில், இறுதிக் குறைப்பை முடிவு செய்ததில் பெரும் பங்கு வகித்தது எவரும் நேரில் கண்டிராத நிலத்தடி நீர்.

கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சி, தமிழகத்தின் காவிரிப் பகுதியில் மண்ணுக்கடியில் இருப்பதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட 20 டிஎம்சி நீரில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதன் விளைவு. எஞ்சிய 4.75 டிஎம்சி பெங்களூரு நகரின் குடிநீருக்காக. அங்கும் நிலத்தடி நீரே பேச்சு. 2007 பிப்ரவரி 5-இல் இறுதி உத்தரவு பிறப்பித்த காவிரி நடுவர் மன்றம், பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரிப் படுகையில் உள்ளது என்றும், நகரின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீர் ஈடுசெய்யும் என்றும் கருதியிருந்தது. இரண்டு கருத்துகளையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, ஆற்றின் கடைமடையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று கூட்டப்பட்டது; தலைமடை மாநிலத்தின் தலைநகரில் அதை நம்ப முடியாது என்று கழிக்கப்பட்டது. இரண்டுமே மதிப்பீடுகளின் மேல் எழுந்த முடிவுகள். பூமிக்கடியில் நீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அகலத்தில் தேங்கி நிற்கிறது என்று காட்டும் ஊரளவு வரைபடம் எந்தத் தரப்பிடமும் இல்லை. தீர்ப்பின் நீர்ப் பங்கீடு 15 ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கும் என நீதிமன்றம் கூறியுள்ளது. அதாவது 2033 வரை. அதன் பிறகு இரு மாநிலங்களும் மீண்டும் கணக்குப் பார்க்கும்போது, இம்முறையாவது அளந்து பார்த்த கணக்கு மேசையில் இருக்குமா என்பதே கேள்வி.

அளக்கும் வழி அறிவியலிடம் உண்டு. அதற்கான கருவிகளும், ஓரளவு தரவுகளும்கூட அரசு நிறுவனங்களிடம் ஏற்கெனவே உள்ளன. அவற்றைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடங்களுள் ஒன்று, தமிழர்கள் பெருமளவில் வாழும் பெங்களூரின் அல்சூர்.

எந்த ஆற்றின் படுகை?

அல்சூர் என்றதும் தமிழக அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது திருவள்ளுவர் சிலை. 1991-இல் திறக்கப்பட இருந்து, எதிர்ப்பின் காரணமாக 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சிலையை 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் திறந்துவைத்தார். அதற்கு ஈடாக நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. காவிரிப் பிரச்சினை சூடுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் பதற்றத்தை உணர்ந்த பகுதிகளில் ஒன்றில், இரு மாநிலங்களும் பேசித் தீர்வு கண்ட அபூர்வ நிகழ்வு அது.

ஆனால் அல்சூர் காவிரிப் படுகையில் இல்லை. மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வளாகத்தை ஒட்டிச் சுமார் 50 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் அல்சூர் ஏரியின் உபரி நீர், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர் ஏரிக்கும், பின்னர் வர்த்தூர் ஏரிக்கும் சென்று, கன்னடத்தில் தட்சிண பினாகினி எனப்படும் தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணை ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலை அடைகிறது. நகரின் மேற்குச் சரிவில் விழும் மழை மட்டுமே விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகக் காவிரிக்குப் போகிறது.

குழாயில் வரும் நீரின் கதை வேறு. சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு 1974 முதல் காவிரி நீர் பெங்களூருக்கு வருகிறது. பழைய குழாய்களில் அதன் ஒரு பகுதி கசிகிறது. கசியும் நீர் எங்கே போகிறது? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நகரின் மையப் பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் புறநகர்களைக் காட்டிலும் மேலே இருப்பதையும், குழாய்க் கசிவு மண்ணுக்குள் இறங்குவது அதற்கு ஒரு காரணம் என்பதையும் சுட்டிக்காட்டியது. குழாய் நீர் வந்த பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளின் பயன்பாடு குறைந்தது மற்றொரு காரணம்.

எனவே மையப் பகுதியைச் சேர்ந்த அல்சூரில் ஒரு கிணற்றில் இறைக்கும் நீர் அங்கு பெய்த மழையாகவும் இருக்கலாம். குழாயில் கசிந்த காவிரியாகவும் இருக்கலாம். நீதிமன்ற ஆவணங்களில் காவிரி நீர், நிலத்தடி நீர், தென்பெண்ணை நீர் என்று தனித்தனிப் பத்திகளில் எழுதப்படுபவை, அல்சூரின் பாறைக்கடியில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

மணல் அல்ல, பாறை

பெங்களூரின் அடித்தளம் தீபகற்ப நைஸ் எனப்படும் மிகப் பழைய பாறை. சுமார் 300 கோடி ஆண்டுகள் வயதுடைய இப்பாறை மேலே தலைகாட்டும் லால்பாக் குன்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ளது. காவிரி டெல்டாவிலோ கங்கைச் சமவெளியிலோ இருப்பதுபோல் தடித்த மணல் அடுக்குகள் இங்கு கிடையாது. மேலே மண், அதன் கீழே காலப்போக்கில் நைந்து உதிரியான சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் பாறை, கடைசியில் நீர் புகாத உறுதியான பாறை.

நீரைச் சேமித்து வைக்கும் பாத்திரம் சிதைந்த பாறை அடுக்குதான். அது ஓரிடத்தில் 5 மீட்டர் தடிமனாகவும், சில நூறு மீட்டர் தள்ளி 30 மீட்டர் தடிமனாகவும் இருக்கலாம். பழைய திறந்த கிணறுகள் இந்த அடுக்கிலிருந்தே நீர் பெற்றன. அது வற்றிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடியையும் தாண்டி, வெடிப்புகளில் தங்கியுள்ள சொற்ப நீரைத் தேடிப் போகின்றன.

2024 கோடையில் இந்த ஏற்பாடு முறிந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் முதல்வர் சித்தராமையா வெளியிட்ட விவரப்படி, பெங்களூரில் அரசின் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டன. நகரின் தேவை நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர். காவிரியிலிருந்து 147 கோடி லிட்டரும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து 65 கோடி லிட்டரும் கிடைத்தன. சுமார் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என அவர் தெரிவித்தார்.

இந்த 65 கோடி லிட்டரை ஆண்டுக் கணக்காக்கினால் 8 டிஎம்சிக்கு மேல் வருகிறது. டெல்டாவின் நிலத்தடியில் இருப்பதாகச் சொல்லித் தமிழகத்தின் பங்கில் கழிக்கப்பட்ட 10 டிஎம்சியோடு ஒப்பிடத்தக்க அளவு இது. ஒரு கோடையில் பாதிக் கிணறுகள் வறளும் வரை, அந்த இருப்பு எவ்வளவு என்பது எவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

நாட்டின் நிலத்தடி நீர் இருப்பை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசுகளும் இணைந்து மதிப்பிடுகின்றன. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியா ஓராண்டில் 24,564 கோடி கன மீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது. எடுக்கத்தக்க அளவில் இது 60.47 விழுக்காடு. தேசிய சராசரி ஆறுதல் அளிப்பதாகத் தோன்றினாலும், ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக எடுக்கப்படும் பகுதிகளின் பட்டியலில் பெங்களூரு நகர மாவட்டம் இருக்கிறது.

கணக்கிடும் முறை எளியது. கண்காணிப்புக் கிணறுகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் எவ்வளவு மாறியது என்று பார்ப்பார்கள். அந்த மாற்றத்தை நிலப்பரப்பாலும், பாறையிலிருந்து வடிந்து கிடைக்கக்கூடிய நீரின் விழுக்காட்டாலும் பெருக்குவார்கள். சிக்கல் கடைசி எண்ணில் இருக்கிறது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், பாறையின் விழுக்காடு 1 எனில் சேர்ந்த நீர் ஒரு கோடி லிட்டர். 4 எனில் நான்கு கோடி லிட்டர். கடினப் பாறைப் பகுதிகளில் இந்த எண் தெருவுக்குத் தெரு மாறக்கூடியது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே எண்ணை வைத்துப் பெருக்கினால், விடை பல மடங்கு மாறிப்போக வாய்ப்பு உண்டு.

இக்குறையைப் போக்கவே மத்திய அரசு 2012-இல் தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்தைத் தொடங்கியது. வரைபடமாக்கத்தக்க சுமார் 25 லட்சம் சதுர கி.மீ. பரப்பும் 2023 மார்ச்சுக்குள் முடிக்கப்பட்டது. பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தின் அளவு 1:50,000. தாளில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் அரை கி.மீ. அல்சூர் ஏரி முழுவதும் அதில் இரண்டு சதுர செ.மீ. இடத்தில் அடங்கிவிடும். மாவட்ட அளவில் திட்டமிட அது போதும். எந்தத் தெருவில் மழைநீரை இறக்குவது, எங்கே கிணறு தோண்டக் கூடாது என்று முடிவு செய்யப் போதாது. ஊராட்சி அளவுக்கு இறங்கி வரும் இரண்டாம் கட்டப் பணி 2023-க்குப் பின் தொடங்கியுள்ளது.

ஹெலிகாப்டர் பறக்க முடியாத இடம்

வரைபடத் திட்டத்தின் முன்னோடியாக, ஐதராபாதில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக நிபுணர்களுடன் சேர்ந்து நாட்டின் ஆறு பகுதிகளில் ஹெலிகாப்டர் ஆய்வு நடத்தியது. கர்நாடகத்தின் துமகூரு மாவட்ட அங்கசந்திராவும், தமிழகத்தின் கடலூர் மாவட்டக் கீழ் வெள்ளாற்றுப் படுகையும் அவற்றுள் அடங்கும். ஹெலிகாப்டரின் அடியில் தொங்கும் பெரிய கம்பி வளையம் மின்காந்தத் துடிப்புகளை நிலத்துக்குள் செலுத்தும். திரும்பி வரும் சமிக்ஞையைக் கொண்டு எந்த ஆழத்தில் எந்த அடுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அறியலாம். நீர் நிறைந்த அடுக்கு உலர்ந்த பாறையைவிட நன்றாகக் கடத்தும். இதே முறையில்தான் பிரயாக்ராஜ் அருகே கங்கை, யமுனை ஆறுகளுக்கு இடையே, சுமார் 45 கி.மீ. நீளமுள்ள புதைந்துபோன ஆற்றுத்தடம் ஒன்றும் கண்டறியப்பட்டது.

பெங்களூரு போன்ற நகருக்கு இம்முறை ஒத்துவராது. மின்கம்பிகள், மெட்ரோ தடம், இரும்புக் குழாய்கள், கட்டடங்களின் கம்பிகள் அனைத்தும் சமிக்ஞையைக் குலைத்துவிடும். தரையில் மின்முனைகளை ஊன்றி மின்தடையை அளக்கும் பழைய முறைக்கோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குத் தடையற்ற மண் வேண்டும். அல்சூரின் நெருக்கமான தெருக்களில் அது கிடைப்பது அரிது. இங்குதான் நில அதிர்வு முறை பயன்படுகிறது.

சம்மட்டி அடி சொல்லும் செய்தி

தரையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, சுமார் 7 கிலோ எடையுள்ள சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அதிர்வு நிலத்துக்குள் பரவி, அடுக்குகளில் வளைந்து, மீண்டும் மேலே வருகிறது. தகட்டிலிருந்து நேர்கோட்டில் நடப்பட்ட 24 அதிர்வு உணரிகள், அலை தம்மை வந்தடைந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடித் துல்லியத்துடன் பதிவு செய்கின்றன. வந்த நேரத்திலிருந்து வேகம். வேகத்திலிருந்து அடுக்கின் தன்மை.

உலர்ந்த மண்ணில் அதிர்வின் முதல் அலை வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் செல்லும். அதே மண்ணின் துளைகள் நீரால் நிறைந்தால் வேகம் 1,500 மீட்டரைத் தொடும். அது நீருக்குள் ஒலி செல்லும் வேகம். உறுதியான நைஸ் பாறையில் 5,000 மீட்டரைத் தாண்டும். மற்றொரு வகையான குறுக்கு அலை திரவத்தில் செல்லாது என்பதால், நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வேகம் பெரிதாக மாறுவதில்லை. முதல் அலை திடீரென வேகம் பிடித்து, குறுக்கு அலை அப்படியே இருக்கும் ஆழம் எதுவோ, அதுவே நீர்மட்டம். இரண்டு வேகங்களும் சேர்ந்து உயரும் ஆழத்தில் பாறை தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நீர் தங்கும் பாத்திரம்.

இந்த அறிவியல் நாட்டுக்குப் புதிதல்ல. எண்ணெய் வளம் தேடுவோர் இதையே பெரிய அளவில் செய்கின்றனர். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1960-களிலிருந்து நடத்திவரும் நில அதிர்வு நிலையம், உலகின் மறுகோடியில் நடக்கும் அணு வெடிப்புகளின் அதிர்வையும் கேட்கக்கூடியது. எண்ணெய்க்கும் அணுகுண்டுக்கும் கிடைத்த இந்தக் காது குடிநீருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

கைவசம் உள்ள தரவுகள்

பெங்களூரில் இந்த வேலையின் ஒரு பகுதி வேறு நோக்கத்துக்காக முன்பே நடந்துவிட்டது. நிலநடுக்கம் ஏற்பட்டால் நகரின் எந்தப் பகுதி அதிகம் குலுங்கும் என்று அறிவதற்காக, இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் டி.ஜி. சீதாராம், பி. அன்பழகன் ஆகியோர் அன்றைய மாநகராட்சி எல்லைக்குட்பட்ட 220 சதுர கி.மீ. பரப்பை ஆராய்ந்தனர். 58 இடங்களில் சம்மட்டி அடித்துக் குறுக்கு அலையின் வேகத்தை அளந்தனர். கட்டுமானங்களுக்காகப் போடப்பட்ட சுமார் 850 மண் பரிசோதனைத் துளைகளின் விவரங்களையும் சேர்த்தனர். அதன் முடிவுகள் 2008-இல் வெளியாயின. பாறை எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்ற வரைபடமும் அவ்வாய்வில் கிடைத்தது.

நிலநடுக்கம் குறித்து ஆராய்பவருக்குப் பாறையின் ஆழம் எவ்வளவு முக்கியமோ, நிலத்தடி நீரைத் தேடுபவருக்கும் அவ்வளவு முக்கியம். அதன் பின்னர் மெட்ரோ ரயிலுக்காக நகரின் அடியில் சுரங்கங்கள் தோண்டப்பட்டுள்ளன. நாகவாரா வழித்தடத்தின் சுமார் 14 கி.மீ. சுரங்கப் பாதை, அல்சூருக்கு அருகே எம்.ஜி. சாலை, சிவாஜிநகர் பகுதிகளின் அடியில் செல்கிறது. சுரங்கம் தோண்டும் முன் மண்ணையும் பாறையையும் துளையிட்டுப் பரிசோதித்த விவரங்கள் ஒவ்வொன்றும் நிலத்தடி வரைபடத்துக்கு ஒரு சான்று.

நிலநடுக்கத் தரவு ஓர் அமைச்சகத்திடம். கிணற்றுத் தரவு மற்றொன்றிடம். சுரங்கத் தரவு மெட்ரோ கழகத்திடம். குழாய்க் கசிவுத் தரவு குடிநீர் வாரியத்திடம். மக்கள் பணத்தில் திரட்டப்பட்ட இவை அனைத்தையும் ஒரே மேசையில் வைக்குமாறு கட்டாயப்படுத்தும் சட்டமோ உத்தரவோ இல்லை. வைத்தால், புதிதாக அடிக்க வேண்டிய சம்மட்டி அடிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

லாஸ் ஏஞ்சலீஸ் தந்த பாடம்

சம்மட்டிகூட இல்லாமல் இதைச் செய்யலாம் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா காட்டியிருக்கிறது. வாகனங்கள், ரயில்கள், கடலலைகள் எழுப்பும் இடைவிடாத மெல்லிய அதிர்வை நிலநடுக்க நிலையங்கள் இரவும் பகலும் பதிவு செய்கின்றன. நீர்மட்டம் உயரும்போதும் தாழும்போதும் அந்த அதிர்வு செல்லும் வேகம் நுண்ணிய அளவில் மாறுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியின் இருபது ஆண்டுப் பதிவுகளை இவ்வாறு அலசி, 2025 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர்.

2023-இல் கொட்டிய பெருமழையால் அங்கு ஏரிகளும் அணைகளும் நிரம்பின. வறட்சி தீர்ந்தது என்று கருதப்பட்டது. ஆனால் மேலடுக்குகள் மட்டுமே நிரம்பியிருந்தன. ஆழமான அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், 2006 முதல் இழந்த நிலத்தடி நீரில் சுமார் கால் பங்கே திரும்பியிருந்தது. தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்த வெள்ளம், அடியில் தொடர்ந்த வறட்சியை மறைத்துவிட்டது.

அல்சூர் ஏரிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஏரி நிரம்பினால் சுற்றுப்புறக் கிணறுகள் ஊறும் என்பது பொதுவான நம்பிக்கை. கழிவு கலந்து, 2016 மார்ச்சில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்த ஏரி அது. ஏரிகளின் அடியில் படியும் வண்டல் நீர் இறங்குவதைத் தடுக்கக்கூடும். அல்சூர் ஏரியைத் தூர்வாரினால் நிலத்தடி நீர் கூடுமா, அல்லது அங்குள்ள கழிவு கிணறுகளுக்குள் இறங்குமா? பல கோடி ரூபாய் செலவிடும் முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது. வண்டலின் தடிமன், அதன் கீழுள்ள சிதைந்த பாறையின் தடிமன், பாறை சரியும் திசை ஆகிய மூன்றையும் அதிர்வு ஆய்வு காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் தெரிந்துவிடுமா?

அதிர்வு முறைக்கும் எல்லை உண்டு. சம்மட்டி அடி சுமார் 30 மீட்டர் ஆழம் வரையே நம்பகமான விவரம் தரும். 300 மீட்டர் ஆழத்தில், கைவிரல் அகலத்துக்கு ஓடும் பாறை வெடிப்பை அது காட்டாது. மேலே கெட்டியான அடுக்கும் அதன் கீழே மென்மையான அடுக்கும் இருந்தால், முதல் அலையின் வளைவை மட்டும் நம்பும் கணக்கு ஏமாற்றிவிடும். எனவே ஆங்காங்கே துளையிட்டுச் சரிபார்க்காத அதிர்வு வரைபடம் முழுமையானதல்ல.

நிலத்துக்கு நிலம் முறையும் மாற வேண்டும். டெல்டாவில் நீரைக் கண்டுபிடிப்பது சிக்கலல்ல. அது நன்னீரா உப்புநீரா என்பதே சிக்கல். இரண்டிலும் அதிர்வு ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்வதால், அங்கு மின்காந்த முறையே விடை தரும். கீழ் வெள்ளாற்றுப் படுகையில் முன்னோடி ஆய்வு நடந்துள்ள நிலையில், அதைத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களுக்கு முழுமையாக விரிவாக்குவது தமிழகத்தின் நலனுக்கே அவசியம்.

ஏனெனில் டெல்டாவின் நிலத்தடி நீர் தனியாக ஊறுவதல்ல. ஆற்றிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் காவிரி பாய்வதால் ஊறுவது என்பதே தமிழகத்தின் வாதம். ஆற்றில் வரும் நீரை ஒருமுறையும், அதே நீர் மண்ணுக்குள் இறங்கியபின் மறுமுறையும் கணக்கிடுவது சரியல்ல என்ற அந்த வாதம் 2018-இல் எடுபடவில்லை. 192 டிஎம்சி வந்த ஆண்டில் டெல்டாவின் அடுக்குகள் எவ்வளவு நிரம்பின, வராத ஆண்டில் எவ்வளவு வற்றின, எந்தக் கிராமம் வரை உப்பு ஏறியது என்று வரைபடத்துடன் காட்டியிருந்தால் வாதத்தின் வலு வேறாக இருந்திருக்கும்.

கர்நாடகத்துக்கும் இது பொருந்தும். பெங்களூரின் குடிநீரைக் காரணம் காட்டி மேக்கேதாட்டில் 67 டிஎம்சி கொள்ளளவுள்ள அணை கட்ட அம்மாநிலம் முனைகிறது. நகரின் அடியில் எவ்வளவு நீரைச் சேமித்து வைக்க இடமிருக்கிறது, குழாய்க் கசிவு எவ்வளவு, மழைநீரை எங்கே இறக்கலாம் என்ற கணக்கு இல்லாமல், அணைதான் ஒரே வழி என்று கூறுவதற்கு ஆதாரமில்லை. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூடுதலாகக் கொண்டுவரும் திறனுள்ளது. அந்த நீரிலும் ஒரு பங்கு கசியும். அது மண்ணுக்கடியில் சென்று சேரும் இடம் தெரிந்தால், திரும்ப எடுக்கவும் வழி பிறக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வரைபடம் வந்தால் மட்டும் நீர் மிஞ்சிவிடாது. நீர் இருக்கும் இடம் தெரிந்ததும் அங்கே ஆழ்துளைக் கிணறு போட வண்டிகள் வரிசைகட்டும் ஆபத்தும் உண்டு. நிலத்தின் உரிமையாளர் தன் நிலத்தடி நீரை விரும்பியவாறு எடுக்கலாம் என்ற கருத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்றும் துணை நிற்கிறது. கர்நாடகம் 2011-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. தமிழகம் 2003-இல் இயற்றிய சட்டத்தை 2013-இல் திரும்பப் பெற்றது. அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் தன் கிணற்றுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து நீர் வருகிறது என்பதை வரைபடம் காட்டும்போது, தனியுரிமை என்ற வாதம் நிற்பது கடினம். அந்த வகையில் வரைபடம் ஒரு சட்ட ஆவணமும் ஆகும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. மத்திய நிலத்தடி நீர் வாரியம், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய அறிவியல் நிறுவனம் ஆகியவற்றைக் கொண்டு பெங்களூரிலும் டெல்டாவிலும் ஒரே நேரத்தில் ஊரளவு வரைபடம் தயாரிக்க ஜல் சக்தி அமைச்சகம் உத்தரவிடலாம். இரு மாநிலப் பொறியாளர்களும் களத்தில் உடனிருந்தால், பின்னர் எவரும் அளவைச் சந்தேகிக்க இடமிராது. மெட்ரோ, நிலநடுக்க ஆய்வு, குடிநீர் வாரியம் ஆகியவற்றின் தரவுகளை அதில் இணைக்கலாம். முடிவுகளைக் கோப்பில் பூட்டாமல் மக்கள் பார்வைக்கு வைக்கலாம்.

காலமும் ஒரு காரணம். நிலத்தடி நீரின் போக்கை ஓராண்டு அளவையால் அறிய முடியாது. நல்ல மழை ஆண்டு, வறண்ட ஆண்டு, இடைப்பட்ட ஆண்டு எனப் பல பருவங்களைப் பதிவு செய்தாக வேண்டும். 2033-இல் நீதிமன்றத்தின் முன் வைக்கும் கணக்கில் போதிய ஆண்டுகளின் பதிவு இருக்க வேண்டுமானால், உணரிகள் இப்போதே மண்ணில் இறங்க வேண்டும்.

தாமதித்தால் அடுத்த பங்கீட்டிலும் இரு மாநில வழக்கறிஞர்கள் பழைய மதிப்பீடுகளையே எடுத்துவைப்பர். யாருடைய மதிப்பீடு ஏற்கப்படுகிறதோ அவருக்குச் சில டிஎம்சி கூடும், மற்றவருக்குக் குறையும். குறையும் ஒவ்வொரு டிஎம்சிக்கும் டெல்டாவில் வயல்கள் தரிசாகும், அல்லது அல்சூரில் குடங்கள் வரிசையில் நிற்கும். இரு இடத்திலும் அந்தச் சுமையைத் தாங்குபவர்களில் தமிழர்கள் இருக்கிறார்கள்.